மூன்று முறை பெயர்ந்த தலைநகரம்

கேளுங்கள். சீன தேசத்தில், மஞ்சள் ஆற்றின் கரையில், வெகு காலத்துக்கு முன் தெங் வூ என்றோர் அரசன் இருந்தான். அவனுக்கு ஒரு ராஜ்யம் இருந்தது, ஒரு சோதிடர் இருந்தார், ஒரு மைத்துனனும் இருந்தான். ராஜ்யத்தைக் கெடுக்க மைத்துனன் ஒருவனே போதுமாயிருந்தான்.

அவன் பெயர் கோ ஷெங். நாட்டின் கட்டட வேலையெல்லாம் அவன் பொறுப்பு. ஆற்றங்கரையைப் பலப்படுத்தச் சொன்னார்கள். அவன் வைக்கோலைத் திணித்து மேலே மண்ணைப் பூசினான். மழை வந்தது, தலைநகரம் மூழ்கியது.

அரசன் சோதிடரிடம் காரணம் கேட்டான். சோதிடர் மைத்துனனைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

"ஊர் ராசியில்லை, அரசே."

மக்கள் வீட்டுக் கதவுகளைக் கழற்றி முதுகில் சுமந்து நடந்தார்கள். மலையடிவாரத்தில் இரண்டாவது தலைநகரம் எழுந்தது. அங்கே கோ ஷெங் தானியக் களஞ்சியம் கட்டினான். கூரை ஒழுகித் தானியம் அழுகியது, ஊர் பட்டினி கிடந்தது. சோதிடர் வானத்தைப் பார்த்தார்.

மறுபடியும் கதவுகள், மறுபடியும் நடை. சமவெளியில் மூன்றாவது தலைநகரம். அங்கே கோ ஷெங் மதில் கட்டினான். கொள்ளையர் அதைக் காலால் உதைத்தே உள்ளே வந்தார்கள்.

"இந்த ஊரும் ராசியில்லை" என்றான் அரசன். இப்போது அவனுக்கே சோதிடம் பழகிவிட்டது.

அந்த ஊரில் லின் ஷுவோ என்று கூரை ஓடு செய்யும் பெண் இருந்தாள். முதல் நடையில் தாயையும் இரண்டாவதில் கணவனையும் வழியோரத்தில் புதைத்தவள். அவள் அரசவைக்குப் போனாள்.

"அரசே, புது ஊருக்குள் இதுவரை முதலில் நுழைந்தது யார்?"

"சுமை தூக்கும் ஜனங்கள்தான்."

"அதுதான் பிழை. உங்களுக்கு முன்னால் எங்கள் தரித்திரம் உள்ளே போய்விடுகிறது. இம்முறை அரண்மனையார் முதலில் போங்கள். எங்கள் தரித்திரம் தீர்ந்ததும் நாங்கள் வருகிறோம்."

இது தமக்குத் தோன்றாமல் போயிற்றே என்று சோதிடருக்கு வருத்தம். அரசன் மகிழ்ந்து, பரிவாரத்தோடும் மைத்துனனோடும் நான்காவது ஊரை நிறுவப் புறப்பட்டுப் போனான்.

ஆறு மாதம் கழிந்தது. ஜனங்களில் ஒருவரும் புது ஊருக்கு வரவில்லை. எதற்கு வர வேண்டும்? பழைய ஊரில் மக்கள் தாங்களே கல் அடுக்கி மதிலை எழுப்பினார்கள். கொள்ளையர் வந்து, பார்த்து, திரும்பிப் போனார்கள். களஞ்சியம் நிறைந்தது.

புது ஊரில் சமைக்க ஆளில்லை, துவைக்க ஆளில்லை, காவலுக்கும் ஆளில்லை. வீரர்கள் பெண்டாட்டி பிள்ளைகளைத் தேடிப் போனார்கள். மந்திரிகள் சோற்றைத் தேடிப் போனார்கள். சோதிடர் நல்ல நேரம் பார்க்காமலே போனார். கடைசியில், கோ ஷெங் கட்டிய அரண்மனைக் கூரை அரசன் கட்டிலின் மேலேயே இடிந்து விழுந்தது. நல்லவேளை, அரசன் அப்போது குளத்தில் தன் துணியைத் தானே அலசிக்கொண்டிருந்தான்.

அன்றைக்குத்தான் யாரையும் கேட்காமல் அவன் ஒரு முடிவு எடுத்தான். பழைய ஊருக்கு நடந்தே வந்தான். மைத்துனனும் பின்னாலேயே வந்தான்.

மதில் மேலிருந்த லின் ஷுவோ இருவரையும் பார்த்தாள்.

"அரசன் வந்திருக்கிறேன்" என்றான் தெங் வூ.

"வாருங்கள். வடக்கு மதிலை இன்னும் உயர்த்த வேண்டும். கூடை அங்கே இருக்கிறது. உங்கள் மைத்துனர் மட்டும் எதையும் தொட வேண்டாம்."

அரசன் கூடையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு குனிந்து எடுத்தான். மத்தியானத்துக்குள் உள்ளங்கை கொப்பளித்தது. சாயங்காலம் மற்றவர்களோடு உட்காரவைத்து அவனுக்கும் கஞ்சி ஊற்றினார்கள்.

பக்கத்தில் இருக்கும் கேட்டைக் கண்டிக்கத் துணியாமல், தான் இருக்கும் இடத்தைப் பழிப்பவன், எத்தனை ஊர் மாறினாலும் அந்தக் கேட்டையே கூட அழைத்துப் போகிறான்.