செண்பகத்தின் நடைக்கு ஒரு வார்த்தை

ஞானசௌந்தரி டீச்சர் தன் வீட்டுக் கூடத்தில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தாள். அவளுக்கு இருபத்தொன்பது வயது. அவளிடம் படித்த கோதண்டத்துக்கு முப்பத்துநாலு. சந்தேகம் கேட்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

அன்று காலையிலும் நோட்டும் கையுமாக வந்து நின்றார்.

"டீச்சர், வாடில்னா வாத்து மாதிரி ரெண்டு பக்கமும் ஆடி ஆடி நடக்கிறதுதானே?"

"ஆமாங்க."

"வாத்துக்குச் சொல்லலாம். பெங்குவினுக்குச் சொல்லலாம். நடை பழகுற குழந்தைக்குச் சொல்லலாம். நிறைமாசக்காரிக்கும் சொல்லலாம். அகராதியில போட்டிருக்கு."

"போட்டிருக்கு. நேத்தும் இதைத்தான் கேட்டீங்க. முந்தாநேத்தும் இதைத்தான் கேட்டீங்க."

"அப்போ வார்த்தை சரிதானே?"

"சரிதான்."

"அப்புறம் ஏன் டீச்சர் செண்பகம் எனக்குக் கதவைத் திறக்க மாட்டேங்கிறா?"

செண்பகம் அவர் மனைவி. வளைகாப்பு அன்று கை நிறைய வளையலோடு மணையை விட்டு எழுந்து நடந்தாள். "இதுக்கு இங்கிலீஷ்ல வாடில்னு பேரு" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னார் கோதண்டம். சொன்னதோடு விட்டாரா? நடந்தும் காட்டினார். பந்தியே சிரித்தது. வழக்கப்படி அன்றைக்கே தாய்வீட்டுக்குப் போனவள், பிள்ளை முகத்தைக்கூடக் காட்ட மாட்டேன் என்று தம்பியிடம் சொல்லி அனுப்பிவிட்டாள். இந்த வாரம் பிரசவம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"நீங்க வந்து ஒரே ஒரு தடவை சொல்லுங்க டீச்சர், அகராதியில இருக்குன்னு. நீங்க சொன்னா கேப்பா."

டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"கர்த்தரே!"

தெருமுனையில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. அவள் உள்ளே போய் இரண்டு குடங்களைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"முதல்ல தண்ணி."

ராத்திரி பெய்த மழையில் தெரு சேறாகிக் கிடந்தது. கோதண்டம் இரண்டு கையிலும் நிறைகுடத்தோடு திரும்பினார். டீச்சர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"கோதண்டம்! இப்படிப் பாரமா, தம்தம்முனு நடந்தா அது லம்பர். எழுதிக்கோங்க."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். சேற்றில் கால் வழுக்கியது.

"தள்ளாடினா ஸ்டாகர்."

எதிர்வீட்டு அக்கா வெளியே வந்து பார்த்துச் சிரித்தாள். ஒரு செருப்பின் வார் அறுந்தது.

"காலைத் தேய்ச்சுத் தேய்ச்சு வந்தா ஷஃபிள். என்ன, இன்னும் எழுதலையா?"

"டீச்சர்! ரெண்டு கையிலயும் குடம் இருக்கு, எப்படி எழுதுறது? பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கீங்களே, எந்திரிச்சு வந்து ஒண்ணை வாங்கக் கூடாதா?"

டீச்சர் எழுந்திருக்கவில்லை.

"வார்த்தை சரிதானே?" என்றாள்.

கோதண்டம் நின்ற இடத்திலேயே குடங்களை இறக்கி வைத்தார். தளும்பிய தண்ணீர் அடங்குகிறவரை குனிந்தபடியே இருந்தார். பிறகு, நோட்டைக்கூட எடுத்துக்கொள்ளாமல், ஒற்றைச் செருப்போடு மாமியார் ஊர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

அந்த நடைக்கு டீச்சர் பேர் எதுவும் சொல்லவில்லை.