கரடி வளர்த்த நாய்

நாவல்மடுவில் அந்தக் கோடையிலும் தண்ணீர் இருந்தது. காட்டின் மற்ற ஓடைகளெல்லாம் வற்றிப்போய்க் கூழாங்கற்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. அதனால் சாயங்காலமானால் மான், முயல், காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி என்று எல்லா விலங்குகளும் அந்த ஒரே மடுவுக்குத்தான் வந்தாக வேண்டும்.

மடுவில் ஒரு முறை இருந்தது. தண்ணீர் குடிக்கும் நேரத்தில் யாரும் யாரையும் துரத்தக் கூடாது. குடிக்கிற துறையை அசிங்கம் செய்யக் கூடாது. சின்ன விலங்குகள் முதலில் குடிக்கும், பெரியவை பிறகு. சிறுத்தையே நாவல் மரத்தடியில் படுத்துக் கொட்டாவி விட்டுக்கொண்டு, மான்கள் குடித்து முடிக்கும்வரை காத்திருக்கும் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்! முறைக்கு உட்பட்ட எதையும் அது மடுவில் தொட்டதே இல்லை.

கரடி சடையனும் இந்த முறையை மதித்துத்தான் நடந்துவந்தது. எதுவரை? புழுதி என்கிற நாய்க்குட்டி வரும்வரை!

ஒருநாள் கறையான் தின்னும் ஆசையில் சடையன் ஒரு பழைய புற்றைத் தோண்டியது. உள்ளே கையை விட்டால் கறையானுக்குப் பதிலாக ஒரு நாய்க்குட்டி வந்தது. ஆட்டு மந்தையோடு மேய்ச்சலுக்கு வந்து வழிதவறிய குட்டி. உடம்பெல்லாம் மண். அது பயப்படாமல் கரடியின் மூக்கை நக்கிக் கொடுத்தது. அவ்வளவுதான், சடையன் உருகிப்போய்விட்டது. குட்டிக்குப் புழுதி என்று பெயர் வைத்து, தேனும் இலந்தைப் பழமும் ஊட்டி, தன் குகையிலேயே வளர்த்தது.

புழுதி வளர்ந்தது. கால்கள் நீண்டன. வால் ஓயாமல் ஆடியது. ஓர் இடத்தில் நிற்கத் தெரியாத நாய் அது. சடையனுக்கோ அது எது செய்தாலும் அழகு. செருப்பு இருந்தால் செருப்பைக் கடித்திருக்கும், காட்டில் அது இல்லாததால் கரடியின் காதைக் கடித்தது. அதற்கும் சடையன் சிரித்தது!

ஆனால் மடுவில் மற்றவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலில் மாட்டியது முயல். தண்ணீரில் வாயை வைத்த முயலைப் புழுதி பாய்ந்து துரத்தியது. முயல் தடுக்கிச் சேற்றில் விழுந்தது.

"கரடியண்ணே! உங்க நாயைக் கொஞ்சம் பிடிங்க!"

பாறையில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்த சடையன் இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தது. "பயப்படாதேம்மா! அவன் ஒண்ணும் பண்ண மாட்டான்!"

"ஒண்ணும் பண்ணலையா? சேத்துல தள்ளிட்டானே!"

"அது விளையாட்டு! உன்னை அவனுக்குப் பிடிச்சுப்போச்சு!"

"எனக்கு அவனைப் பிடிக்கலையே!"

"நீ ஓடுறதாலதான் அவன் துரத்துறான். ஓடாம நின்னு பாரு!"

நாய் பாய்ந்து வரும்போது ஓடாமல் நிற்கிற முயல் இன்னும் பிறக்கவில்லை. அது கரடிக்கு எங்கே தெரியும்? முயல் தாகத்தோடு புதருக்குள் போய்விட்டது. மறுநாளும் இதே கதை. அதற்கு மறுநாளும் இதே கதை!

அடுத்த தொல்லை இன்னும் மோசம். புழுதிக்கு அவசரம் வந்தால் அது தேடிப் போகிற இடம் குடிக்கிற துறைதான். அது குந்தும்போதெல்லாம் சடையன் தலையை நிமிர்த்தி, மேகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருக்கும். அடுத்த மலையில் தேன் வடிந்தால் இங்கிருந்தே மோப்பம் பிடிக்கிற மூக்கு, காலடியில் கிடந்ததை மட்டும் கண்டுகொள்ளவில்லை. முள்ளம்பன்றிதான் அதை மிதித்தது. அன்று அது சிலிர்த்த சிலிர்ப்பில் பக்கத்தில் நின்ற பன்றிக்கு இரண்டு முள் குத்தியது!

"கரடியண்ணே, இது நல்லா இருக்கா?" என்று முள்ளம்பன்றி காலைத் தூக்கிக் காட்டியது.

"காடுன்னா எல்லாம் கிடக்கத்தான் செய்யும். பார்த்து நடக்கக் கூடாதா?" என்று சடையன் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இந்தச் சமயத்தில்தான் ஆள்காட்டிக் குருவி மடுக்கரையில் முட்டையிட்டிருந்தது. ஆள்காட்டிக்கு மரமும் வேண்டாம், கூடும் வேண்டாம். கூழாங்கற்களுக்கு நடுவே கல்லோடு கல்லாக முட்டையிட்டுக் காவல் காக்கும். யாராவது புதிதாக நெருங்கினால் "டிட்டிட்டீ! டிட்டிட்டீ!" என்று கத்திக் காட்டையே எழுப்பிவிடும். அந்தக் குரலை நம்பித்தான் மடுவில் எல்லா விலங்குகளும் தைரியமாகத் தலையைக் குனிந்து தண்ணீர் குடித்தன. சடையனுக்கு அது இன்னும் அதிகமாகவே தேவை. கரடிக்குத்தான் கண்பார்வை மட்டம் ஆயிற்றே!

ஆள்காட்டி பறந்துவந்து சடையனின் முன்னால் இறங்கியது.

"அண்ணே, ஒரு உதவி. குஞ்சு பொரிக்கிறவரைக்கும் புழுதியை ஒரு கொடியில கட்டிக் கூட்டிட்டு வாங்க. அவன் முட்டைப் பக்கமாவே ஓடுறான். என் உயிர் என்கிட்ட இல்லை!"

சடையனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பின்னங்காலில் எழுந்து நின்றது. மடுவில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி உறுமியது.

"என் பிள்ளையைக் கட்டிப் போடுறதா? நல்ல கதையா இருக்கே! உங்க முறையெல்லாம் உங்களோட! என் புழுதி ஊர்ல பிறந்தவன். அவனுக்கு இந்தக் காட்டு முறையெல்லாம் கிடையாது! எல்லாரும் கேட்டுக்குங்க!"

எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். நாவல் மரத்தடியில் படுத்திருந்த சிறுத்தையும் கேட்டுக்கொண்டது. அதன் ஒரு காது மட்டும் மெல்ல அசைந்தது.

பாவம் ஆள்காட்டி, அதற்குப் பிறகு ஓய்வே இல்லை. புழுதி இந்தப் பக்கம் ஓடினால் "டிட்டிட்டீ!" அந்தப் பக்கம் ஓடினால் "டிட்டிட்டீ!" சாயங்காலம் முழுக்க ஒரே கத்தல். முதலில் மான்கள் ஒவ்வொரு முறையும் துள்ளி எழுந்து பார்த்தன. பார்த்தால் புழுதி! மறுபடி பார்த்தால் மறுபடியும் புழுதி! கடைசியில் அவை தலையைத் தூக்குவதையே விட்டுவிட்டன.

சடையன் மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொண்டது: "அந்தக் குருவி கத்துதுன்னா நம்ம பையன் நல்லா விளையாடுறான்னு அர்த்தம்!"

ஒரு சாயங்காலம் சடையன் மடுவில் கழுத்துவரை இறங்கிச் சுகமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. காற்று எதிர்ப்பக்கமாக வீசியதால் அதன் மூக்குக்கும் எதுவும் எட்டவில்லை. கரையில் ஆள்காட்டி கத்தத் தொடங்கியது.

"டிட்டிட்டீ! டிட்டிட்டீ! கரடியண்ணே!"

சடையன் நிமிரவில்லை. விளையாடட்டும் என்று நினைத்தது.

"அண்ணே! டிட்டிட்டீ! திரும்பிப் பாருங்க!"

"இரும்மா, குடிச்சிட்டு வர்றேன்!"

ஆள்காட்டி வேறு வழியில்லாமல் பாய்ந்து வந்து கரடியின் மூக்கிலேயே ஒரு கொத்துக் கொத்தியது. "ஐயோ!" என்று சடையன் தலையைத் தூக்கியது. கண்ணைச் சுருக்கிக் கரையைப் பார்த்தது.

நாவல் மரத்தடி காலியாக இருந்தது. துறை ஓரத்தில் புழுதி மல்லாந்து கிடந்தது. அதன் நெஞ்சின்மேல் சிறுத்தையின் முன்னங்கால் இருந்தது. நகம் வெளியே தெரிந்தது.

சடையன் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு கரைக்கு ஓடிவந்தது.

"விடு! என் பிள்ளையை விடு! மடுவில யாரையும் தொடக் கூடாதுன்னு முறை இருக்கு!"

சிறுத்தை நிதானமாகத் திரும்பிப் பார்த்தது. "இருக்கு கரடியாரே. நானும் முறைப்படி நடக்கிற சிறுத்தைதான். பக்கத்துலயே இந்த முயல் நிக்குது. தொட்டேனா? முள்ளம்பன்றியைத் தொட்டேனா? முறைக்கு உட்பட்டவங்களைத் தொட மாட்டேன். ஆனா இவனுக்கு முறை கிடையாதுன்னு நீங்கதானே எழுந்து நின்னு சொன்னீங்க? எல்லாரும் கேட்டோமே!"

சண்டை போடலாம் என்றால், சடையன் ஓர் அடி வைப்பதற்குள் அந்த நகம் இறங்கிவிடும். புழுதியின் வால் முதல்முறையாக ஆடாமல் கிடந்தது.

"நான் சொன்னது தப்பு," என்றது கரடி. "இன்னியிலேருந்து இவனும் முறைக்கு உட்பட்டவன்."

"முறை என்னன்னு இவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. எனக்குத் தெரியும். இவனுக்கு நான் பொறுப்பு!"

சிறுத்தை சற்று யோசித்தது. "முறைக்குள்ள ஒருத்தனைச் சேர்க்கிறதுக்கு நான் யாரு? மடு எல்லாருக்கும் பொது. இவங்க சம்மதிச்சா விடுறேன்," என்று மற்றவர்கள் பக்கம் தலையை ஆட்டியது.

மான்கள் தரையைப் பார்த்தன. முள்ளம்பன்றி தன் பாதத்தைப் பார்த்தது. கரடி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் முயலின் முன்னால் நின்றது. இத்தனை நாளாகத் தாகத்தோடு திரும்பிப் போன முயல்!

முயல் புழுதியைப் பார்த்தது. நகத்துக்கு அடியில் அது வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கம் முயலுக்குப் புதிதில்லை.

"இவன் மேல எனக்குக் கோபம் இல்லை," என்றது முயல். "இவன் நாய். ஓடுறதைப் பார்த்தா துரத்துவான். எனக்குக் கோபமெல்லாம் உங்க மேலதான் அண்ணே! தினமும் கூப்பிட்டேன். ஒருநாளாவது அந்தப் பாறையை விட்டு எழுந்து வந்தீங்களா?"

சடையனின் தலை தொங்கிப்போனது. "வரலைம்மா," என்றது. "என் பிள்ளை செய்யுறது எல்லாம் உங்களுக்கும் அழகாத்தான் இருக்கும்னு நினைச்சுட்டேன். என்னை மன்னிச்சிடு."

"இனிமே கூப்பிட்டா வருவீங்களா?"

"கூப்பிடவே விட மாட்டேன்!"

முயல் சிறுத்தையைப் பார்த்து, "விட்டுடுங்க அக்கா," என்றது. அதன் குரல் நடுங்கினாலும் தெளிவாகவே கேட்டது. முள்ளம்பன்றியும் முனகிக்கொண்டே தலையை ஆட்டியது. "ஆனா துறையைச் சுத்தமா வச்சுக்கணும்!" என்று சேர்த்துக்கொள்ள அது மறக்கவில்லை.

சிறுத்தை காலை எடுத்தது. ஒன்றுமே நடக்காததுபோல நாவல் மரத்தடிக்குப் போய்ப் படுத்துக் கொட்டாவி விட்டது.

புழுதி ஒரே பாய்ச்சலில் கரடியின் கால்களுக்கு நடுவே புகுந்துகொண்டது. சடையன் அதைக் கட்டிக்கொண்டு சத்தம்போட்டு அழுதது. அழுது முடித்துவிட்டு, வீங்கிய மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆள்காட்டியிடம் கேட்டது: "உன் முட்டையையே மிதிக்க இருந்தானே! அவனுக்காக ஏம்மா இப்படிக் கத்தினே?"

"காவல்காரிக்கு ஆள் பார்த்துக் கத்தத் தெரியாது அண்ணே," என்றது ஆள்காட்டி. "ஆனா இத்தனை நாளும் நான் சும்மா கத்தினதா நினைச்சீங்களே, அதுதான் வருத்தம்."

அன்றைக்கே சடையன் ஒரு முரட்டுக் கொடியைத் தேடிப் பிடித்தது. ஒரு முனையைப் புழுதியின் கழுத்தில் இறுகாமல் கட்டியது. மறுமுனையைத் தன் இடுப்பிலேயே கட்டிக்கொண்டது.

மறுநாள் சாயங்காலம் மடுவுக்கு அவர்கள் வந்து சேர்ந்த காட்சியைப் பார்த்திருக்க வேண்டுமே! புழுதி ஒரு பட்டாம்பூச்சியைப் பார்த்து இழுத்தது, சடையன் புதருக்குள் விழுந்தது. புழுதி ஓர் ஓணானைப் பார்த்து இழுத்தது, சடையன் மரத்தில் முட்டியது. வழியில் அதைக் கண்ட நரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"என்ன கரடியாரே! இதுல யாரை யார் வளர்க்கிறது?"

"சிரிச்சுக்கோ, சிரிச்சுக்கோ!" என்றது சடையன், உடம்பில் ஒட்டிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டே. "இதுக்கு முன்னாடி இவன் இழுத்த இழுப்பையெல்லாம் மத்தவங்கதானே தாங்கினாங்க!"

புழுதிக்கு அவசரம் வந்தபோது சடையன் அதைத் துறையை விட்டுத் தூரமாக அழைத்துப் போனது. மேகத்தைப் பார்க்கவில்லை. புற்று தோண்டுகிற அதே நகங்களால் குழி தோண்டி, எல்லாவற்றையும் மூடி, மேலே மண்ணைத் தட்டிவிட்டுத்தான் திரும்பியது. முள்ளம்பன்றி போய் எட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டது.

கொஞ்ச நாளில் ஆள்காட்டியின் குஞ்சுகள் முட்டையை விட்டு வெளியே வந்து, கூழாங்கற்களே உயிர்பெற்று ஓடுவதுபோலக் குடுகுடுவென்று கரையில் ஓடின. புழுதி அவற்றைப் பார்த்து வாலை ஆட்டியது, ஒருமுறை குரைத்தும் பார்த்தது. கொடி இறுகியது. உடனே சடையனும் எழுந்து, "உட்காருடா கண்ணு!" என்றது. கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுப் புழுதி உட்கார்ந்தது.

துறையில் முயல் குனிந்து தண்ணீரில் வாயை வைத்தது. ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் வயிறு நிறையக் குடித்தது.

நாயை வளர்ப்பது நம் விருப்பம். ஆனால் எல்லாருக்கும் பொதுவான இடத்தில் அதைக் கட்டுக்குள் வைப்பதும் அது செய்த அசிங்கத்தை அகற்றுவதும் நம் கடமை.