தராசில் ஏறிய நிலம்

கேளுங்கள் கண்மணிகளே. ஆற்றுத் தண்ணீரை அப்படியே அள்ளிக் குடித்த காலம் அது. வழக்கு என்று வந்தால் அரசனே மர நிழலில் உட்கார்ந்து கேட்பான். அப்போது வளையாற்றங்கரையில் உமையாள் என்று ஒருத்தி இருந்தாள். புருஷனைப் பறிகொடுத்தவள். மூன்று பிள்ளைகள்.

மாமனார் விட்டுப்போன நிலத்தின் நடுவே ஓர் ஓடை ஓடியது. இந்தப் பக்கம் உமையாளுக்கு. அந்தப் பக்கம் அவள் புருஷனின் அண்ணன் தாண்டவராயனுக்கு. அவர் நிலம் பூசணிக்காய் போல உருண்டை. இவள் நிலம் பாகற்காய் போல ஒடுங்கி, நீண்டு, நெளிந்து கிடந்தது.

தாண்டவராயன் கயிறு பிடித்து இரண்டையும் சுற்றி அளந்தார். இரண்டும் அறுபது கயிறு. "சுத்தளவு சரி, அப்போ பங்கும் சரி" என்றார். ஊரும் ஆமாம் போட்டது.

மூன்று அறுவடை ஆயிற்று. மூன்று தடவையும் அவர் நெற்குதிர் நிரம்பியது, இவள் குதிர் பாதியில் நின்றது. இப்படியே போனால் பிள்ளைகளோடு ஊரைவிட்டுப் போகவேண்டியதுதான். சாமியைக் கும்பிட்டுவிட்டு அரசனிடம் போய், பங்கைச் சரியாக அளந்து தரும்படி கேட்டாள். அரசன் தாண்டவராயனையும் வரவழைத்தான்.

"கோணல் நிலத்தை எப்படியம்மா அளப்பது?" என்றான் அரசன்.

உமையாளுக்குத் தாய்வீடு கண்முன் வந்தது. அங்கே வெண்கலச் சிலை வார்ப்பார்கள். முதலில் மெழுகில் சாமி செய்வார்கள். அந்த மெழுகை நிறுத்து, அதற்கு எட்டு மடங்கு வெண்கலம் உருக்குவார்கள். மூக்கும் விரலும் எப்படி வளைந்தாலும், சாமிக்கு எவ்வளவு வேண்டும் என்று எடை சொல்லிவிடும். அந்த மெழுகு வாசனையை நினைத்ததுமே அவளுக்குக் கண் கலங்கியது.

"மெழுகும் தராசும் கொடுங்க மகாராஜா. நிலத்தை நிறுத்துக் காட்டுறேன்."

"நிலத்தை நிறுக்கப்போறாளாம்! நாளைக்கு ஆத்தை மடியில கட்டிக்கிட்டு வருவா!" என்றார் தாண்டவராயன். கூட்டம் சிரித்தது.

"சிரிங்க அத்தான். தட்டு சொல்லட்டும்."

அரசனின் ஆட்கள் ஒரு கயிற்று நீளத்துக்கு ஒரு விரல் அகலம் என்று கணக்கு வைத்து இரண்டு நிலத்தையும் துணியில் வரைந்து தந்தார்கள். உமையாள் கல்லின் மேல் மெழுகைத் தகடாகத் தேய்த்தாள்.

முதல் தடவை தகடு வெடித்தது. இரண்டாம் தடவை வழவழவென்று வந்தது. ஆனால் கட்டைவிரலால் தடவினால், தாண்டவராயன் நிலத்தை நறுக்கவேண்டிய பக்கம் ஒரு துளி தடிப்பு. யாருக்கும் தெரியாது. அப்படியே நிறுத்தால் அவர் தட்டு இன்னும் கனத்து, இவளுக்குக் கூடுதல் நிலம் கிடைக்கும். பிள்ளைகளின் முகம் நினைவுக்கு வந்தது. "ஈசுவரா" என்று முணுமுணுத்தாள். தகட்டை மறுபடி உருக்கினாள்.

"நன்றாகத்தானே அம்மா இருந்தது?" என்றான் அரசன்.

"அத்தான் பக்கம் தடிப்பா இருந்ததுங்க. எங்கேயும் ஒரே தடிமனா இல்லைன்னா எடை பொய் சொல்லும்."

தாண்டவராயனின் சிரிப்பு நின்றுபோயிற்று.

மூன்றாம் தடவை தகடு ஒரே சீராக வந்தது. துணியில் வரைந்தபடியே இரண்டு நிலத்தின் உருவையும் நறுக்கித் தட்டுக்கு ஒன்றாக வைத்தாள். தாண்டவராயன் தட்டு தொப்பென்று இறங்கியது. ஓடைப் பக்கமாக அவர் மெழுகில் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கித் தன் தட்டில் போட்டாள். முள் நேராக நின்றது.

"நறுக்கிய அளவு நிலம் உமையாளுக்கு" என்றான் அரசன். "தாண்டவராயரே, சம்மதமா?"

அவர் தலை குனிந்தார். "என் பக்கம் தடிப்புன்னு சொன்னதே அவதானே, மகாராஜா. அந்தக் கையை நான் எப்படிச் சந்தேகப்படுவேன்? வரப்பை நானே வெட்டித் தர்றேன்."

கண்மணிகளே, நியாயம் கேட்கப் போகிறவர்கள், தங்களுக்குச் சாதகமாக இருக்கும் பிசகை முதலில் தாங்களே திருத்திக்கொள்ள வேண்டும்.