தவளை தள்ளி உட்கார்ந்த பாட்டு

முன்னொரு காலத்தில், பெயர் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லாத ஒரு நாட்டை அமுதசேகரன் என்ற ராஜா ஆண்டுவந்தான். சந்திர வம்சம். கொடியில் நிலா, குடையில் நிலா, குளிக்கும் அண்டாவில்கூட நிலா. புலவர்கள் தினமும் வந்து அவன் தோள் மலை, கை மேகம் என்று பாடினார்கள். ஒருநாள் ராஜா கண்ணாடியில் தன் தோளைப் பார்த்தான். மலையைக் காணோம். அலுப்புத் தட்டிவிட்டது.

"இதுவரை யாரும் பாடாத மாதிரி ஒரு பாட்டு வேண்டும்" என்று ஊரெங்கும் பறையறையச் சொன்னான்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பாடியவருக்கு என்ன கிடைக்கிறதோ, பொருள் சொன்னவருக்கும் அதுவே கிடைக்கும். ஆஸ்தான உரைகாரர் பெருமுகைப் புலவர் ஒரு வரிகூட எழுதாமல் கொழுத்துப்போனது அப்படித்தான்.

அல்லியங்கோதை என்றொருத்தி வந்தாள். ராஜாவைப் புகழவில்லை. ராகம் இழுக்கவில்லை. நின்றபடி சொன்னாள்:

கிணற்றுக்குள் நிலா விழுந்தது.
யாரும் கயிறு கொண்டுவரவில்லை.
தவளை மட்டும்
கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது.

அவ்வளவுதான். எதுகை இல்லை, மோனை இல்லை, ராஜாவும் இல்லை. சபை திருதிருவென்று விழித்தது. விகடகவி நல்லாண்டி மட்டும் தன்னை மறந்து "அடடா!" என்றான். அதுதான் அவனுக்கு வினையாகிப்போனது.

பெருமுகைப் புலவர் எழுந்தார். அவர் உரைக்கு ராஜா தலையாட்டுவான். நல்லாண்டி பேச்சுக்குத்தான் சிரிப்பான். அந்த வயிற்றெரிச்சல் அவருக்கு வெகுநாளாக உண்டு.

"மகாராஜா, இது பாட்டல்ல, ராஜத்துரோகம். நிலா என்பது தங்கள் வம்சம். அது விழுந்தது என்கிறாள். கயிறு என்பது சேனை. தங்களைத் தூக்கிவிட ஒருவனும் வரமாட்டானாம்."

தளபதி வீரகண்டர் கொதித்தார். "என் சேனை கயிறா? அந்தத் தவளை யார் தெரியுமா, மகாராஜா? பக்கத்து நாட்டு ராஜா! தாங்கள் விழுந்ததும் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுக்கிறானாம்!"

ராஜாவின் முகம் கறுத்தது. "நாளைக் காலை இவளை யானைக் காலில் இடறுங்கள்."

"அடடா போட்டவனை விடலாமா?" என்றார் புலவர். "அவனுக்கு வேறு பொருள் தெரியும்போல. நாளை சொல்லட்டும். சபையில் ஒருவர் ஒப்பாவிட்டாலும் அவனுக்கும் அதே யானை."

ராஜா சரியென்றான்.

அன்று மத்தியானம் நல்லாண்டி சிறைக்கு ஓடினான்.

"ரெண்டு பேர் உயிர் போற விஷயம் அம்மா. உண்மையைச் சொல்லு. அந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம்?"

"தெரியாது."

"எழுதினது நீதானே?"

"அர்த்தம் தெரிஞ்சிருந்தா அதையே எழுதியிருப்பேனே. நிலா, தவளை எல்லாம் எதுக்கு?"

"சரி, அந்தத் தவளை யாரு? அதையாவது சொல்லேன்."

"தவளை."

"பக்கத்து நாட்டு ராஜா இல்லையே?"

"அவரை நான் பார்த்ததே இல்ல." கோதை அவனை ஏறிட்டாள். "நீ எதுக்கு அடடான்னே?"

நல்லாண்டி தலையைச் சொறிந்தான். "அது தள்ளி உட்கார்ந்ததும் எனக்கு என்னவோ செஞ்சுது."

"அப்ப உனக்குப் புரிஞ்சுபோச்சு" என்றாள். பிறகு கேட்டாள்: "யானை பெருசா?"

"ரொம்ப."

வெளியே வந்தவன் யானைக் கொட்டில் பக்கம் போகாமல் சுற்றிப் போனான். அவன் வீரன் ஒன்றும் இல்லை. மழை பெய்கிறது என்று சொன்னாலே மூன்று கட்சியாகப் பிரியும் சபை அது. அங்கே எல்லோரும் ஒப்பும் பொருளுக்கு எங்கே போவது?

மறுநாள் காலை சபை முற்றத்தில் யானை நின்றது.

"பொருளைச் சொல்" என்றான் ராஜா.

"சொல்கிறேன், மகாராஜா. முதலில் ஒரு சந்தேகம். பாடியவருக்குக் கிடைப்பதே பொருள் சொன்னவருக்கும் என்ற வழக்கம் இன்றும் உண்டா?"

"என் பாட்டனார் வைத்தது. மாறாது."

"நல்லது. கோதைக்கு யானைக் கால் என்று தீர்ப்பாகிவிட்டது. பாகரே, வலது முன்னங்கால் கோதைக்கு. இடது முன்னங்கால் புலவருக்கு. தவளையைக் கண்டுபிடித்த தளபதிக்குப் பின்னங்கால் ஒன்று."

யானை காதை ஆட்டியது. புலவர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"மகாராஜா, ஏடுகளை மறுபடி புரட்டிப் பார்த்தேன். நிலாவை நிலா என்றும் கொள்ளலாம்..."

"கொள்ளலாமா, கொள்ள வேண்டுமா?" என்றான் நல்லாண்டி.

"கொள்ளவே வேண்டும்!"

தளபதி தொண்டையைச் செருமினார். "தவளையும்... வெறும் தவளைதான். பச்சையாக இருக்கும்."

"நிலா நிலாதான். தவளை தவளைதான். என் பொருள் இவ்வளவுதான். ஒப்பாதவர் யாராவது உண்டா?"

ஒருவரும் அசையவில்லை.

"எனக்கு ஒப்பவில்லை" என்றான் ராஜா.

புலவரையும் தளபதியையும் கை காட்டினான்.

"இவர்கள் பயத்தில் பின்வாங்குகிறார்கள். பாட்டைக் கேட்டதும் அந்த நிலா நான்தான் என்று எனக்கே தோன்றியது. அதற்கு என்ன சொல்கிறாய்?"

நல்லாண்டி கோதையைப் பார்த்தான். அவள் கைகள் கட்டப்பட்டிருந்தன. முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு யானையை முன்னும் பின்னும் நிதானமாகப் பார்த்தான்.

"இன்னொரு பின்னங்கால் சும்மாதான் இருக்கிறது, மகாராஜா."

தளபதியின் கை வாளுக்குப் போனது. ராஜா குனிந்து அந்தக் காலைப் பார்த்தான். பெரிய கால். முதலில் அவன் மீசை துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு ராஜா சிம்மாசனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

"அவள் கட்டை அவிழ்த்துவிடுங்கள்! ஒரு ஊரும் எழுதிக் கொடுங்கள்!"

கோதை மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். ராஜா நல்லாண்டியை அருகே அழைத்தான்.

"இப்போது உண்மையைச் சொல்லடா. அந்தப் பாட்டுக்கு என்னதான் பொருள்?"

"தெரியாது, மகாராஜா."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டான்.

"பட்டம் கட்டிய நாளிலிருந்து கேட்கிறேன்; இந்தச் சபையில் ஒருவனும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை."