வாலுக்கு எத்தனை வெள்ளி?

மருதங்காட்டை ஆண்ட உதயவீரருக்கு இரண்டு பைத்தியம். ஒன்று துலாபாரம். ஒவ்வொரு பிறந்தநாளிலும் தராசில் ஏறி உட்கார்ந்து எடைக்கு எடை வெள்ளி தானம் கொடுப்பார். இன்னொன்று அவருடைய கோம்பை நாய். அதற்கு இடிமுழக்கம் என்று பேர் வைத்திருந்தார். வானம் லேசாக உறுமினால் போதும், இடிமுழக்கம் அரசரின் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். ஆனால் அரசரைத் தவிர வேறு யார் தொட்டாலும் கடிக்கும். அந்த வீரம் மட்டும் உண்டு.

இந்த இரண்டு பைத்தியத்தையும் மோப்பம் பிடித்து வந்து சேர்ந்தான் தனகோடி என்கிற வெளியூர் வணிகன்.

"மன்னா, நாய்க்காப்பு என்று ஒரு திட்டம் கொண்டுவந்திருக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை நாயின் எடைக்கு எடை வெள்ளி கொடுங்கள். நாய்க்கு நோய் வந்தால் வைத்தியச் செலவு என்னுடையது."

நாய்க்குத் துலாபாரம் என்றதும் அரசருக்குத் தலைகால் புரியவில்லை. "என் நாய்க்கு மட்டும் போதுமா? ஊர் நாய்களுக்கெல்லாம் வேண்டும். ஜனங்கள் வெள்ளிக்கு எங்கே போவார்கள், தானியமாகக் கொடுக்கட்டும். திங்கட்கிழமை என் நாயை நிறுத்துவிட்டு முரசறைவோம்" என்றார்.

முரசு அறையும் முன்பே சேதி தெருவுக்கு வந்துவிட்டது. அரசவையில் சாதுர்யக்காரன் என்று பேரெடுத்த நல்லாண்டியின் வாசலில் சலவைக்காரி இருளாயி வந்து நின்றாள். பக்கத்தில் அவள் நாய் கருவாயன், விலா எலும்பு தெரிய நின்றது.

"ரெண்டு நாளா இதுக்குச் சோறு போடல சாமி. எடை கொறைஞ்சா தானியமும் கொறையுமில்ல? தெரு முழுக்க இப்பிடித்தான் பட்டினி போடுறாக. நான் திங்கையில என் மூஞ்சியவே பாக்குது. எனக்கும் சோறு எறங்கல."

நல்லாண்டி பெருத்த உடம்புக்காரன், சாப்பாட்டுப் பிரியன். பசி யாருடையதானாலும் அவனுக்குத் தாங்காது. அன்று கருவாயனுக்குத் தன் இலைச் சோற்றைப் போட்டு அனுப்பிவைத்தான்.

திங்கட்கிழமை அவை கூடியது. பெரிய தராசு வந்தது. ஒரு தட்டில் வெள்ளிக் காசுகள். இடிமுழக்கத்துக்கு அரசரே மாலை போட்டிருந்தார். அது மாலையில் பாதியைத் தின்றுவிட்டிருந்தது.

நல்லாண்டி எழுந்து, ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டான். "ஐயா தனகோடி, நாய்க்குக் கால் ஒடிந்தால் செலவு உம்முடையதுதானே?"

"அதெப்படி? ஓடுகிற நாய்க்குக் கால் ஒடியத்தான் செய்யும். காலுக்குக் காப்பு கிடையாது."

"வயிற்றுக்கு?"

"கண்டதைத் தின்பது நாயின் குற்றம். அதற்கு நானா பொறுப்பு?"

"காது?"

"அதில் போன வருடமே புண் இருந்ததாமே. பழைய நோய்க்குக் காப்பு இல்லை."

"பல், கண்?"

"வயதானால் பல் விழும், கண் மங்கும். அது கடவுள் கணக்கு."

"தோலில் உண்ணி கடித்தால்?"

"உண்ணியைப் போய்க் கேளுங்கள்."

அவையில் ஒருவர் கனைத்தார். அரசரின் முகம் சுருங்கியது. நல்லாண்டி விடவில்லை. "அப்படியானால் எதற்குத்தான் காப்பு?"

"வாலுக்கு" என்றான் தனகோடி பெருமையாக. "வாலுக்கு என்ன வந்தாலும் என் செலவு. சொன்ன சொல் மாறமாட்டேன்."

வால் வைத்தியத்துக்குச் செலவழித்த மனிதர் எவரையும் நான் கண்டதில்லை. ஆனால் நல்லாண்டி கோபப்படவில்லை, கைகூப்பினான்.

"நேர்மையான மனிதர். மன்னா, துலாபாரத்தில் ஏறும்போது கிரீடத்தையும் வாளையும் கழற்றிவைப்பீர்களே, ஏன்?"

"தானத்துக்கு உரியது என் எடை மட்டும்தானே. சேராததை நிறுக்கக் கூடாது, அதுதான் முறை" என்றார் அரசர்.

"அதே முறைதான் இங்கேயும். காப்புக்கு உரியது வால். வாலை மட்டும் நிறுப்போம்."

தனகோடி பதறினான். "வாலை மட்டும் எப்படி நிறுப்பது? நாயை வெட்டவா முடியும்?"

"வெட்டுவானேன்? மன்னர் நாயைத் தூக்கிக்கொள்ளட்டும். வால் மட்டும் தட்டில் கிடக்கட்டும்."

அரசரே இறங்கி வந்து இடிமுழக்கத்தை இரண்டு கையாலும் தூக்கினார். அவை நடுவே அரசர் தன்னைக் குழந்தை போலத் தூக்கிக்கொண்டதில் நாய்க்குச் சந்தோஷம் பிய்த்துக்கொண்டு வந்தது. அரசரின் மீசையை நக்கியது. வால் சுழன்றது. தட்டு மேலே போனது, கீழே வந்தது, பக்கவாட்டில் ஆடியது. எதிர்த்தட்டிலிருந்த வெள்ளியெல்லாம் கலகலவென்று தரையில் உருண்டது. ஒரு காசைக் கூட நிறுக்க முடியவில்லை.

"வாலை யாராவது பிடியுங்கள்" என்று கத்தினான் தனகோடி.

"பிடித்தால் பிடிக்கிறவர் கையின் எடையும் சேர்ந்துவிடுமே" என்றான் நல்லாண்டி.

"நாயைக் கீழே விடச் சொல்லுங்கள், வால் தானாக நிற்கும்."

"விட்டால் காப்பில்லாத நாய் முழுதும் தட்டில் ஏறிவிடும். முறை கெட்டுவிடும்."

"பின்னே எப்போதுதான் நிற்கும்?"

"மன்னருக்கு நாய் மேலுள்ள பிரியம் தீரும்போது."

"அது இந்த ஜென்மத்தில் தீராது" என்றார் அரசர், மூச்சு வாங்கியபடி. கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "முரசை அறையுங்கள். ஊராருக்கும் இதே முறைதான். அவரவர் நாயை அவரவர் தூக்கிக்கொள்ளட்டும். வால் ஆடாமல் நின்றால், அந்த எடைக்குத் தானியம் தரட்டும்."

தனகோடி கழன்று விழுந்த தலைப்பாகையைக் கூட எடுக்காமல் நடையைக் கட்டினான்.

அரசர் நாயை இறக்கிவிட்டு, "உனக்கு என்ன பரிசு வேண்டும், நல்லாண்டி?" என்றார்.

"என் எடைக்கு எடை கறிச்சோறு, மன்னா. எனக்கில்லை. உங்கள் தராசுக்குப் பயந்து, எடை குறையட்டும் என்று ஊரார் நாய்களைப் பட்டினி போட்டிருக்கிறார்கள்."

அரசருக்குச் சுருக்கென்றது. நாய்ப் பிரியர் அல்லவா, கண் கலங்கிவிட்டார். ஆனாலும் நல்லாண்டியின் தொந்தியைப் பார்த்ததும் குறும்பு தலைகாட்டியது.

"உன் உடம்பு முழுதையும் எதற்கு நிறுக்க வேண்டும்? எனக்கு உபயோகப்படுவது உன் நாக்கு ஒன்றுதான். சேராததை நிறுக்கக் கூடாது, அதுதானே முறை? நாக்கை மட்டும் தட்டில் வை."

"வைக்கிறேன் மன்னா" என்றான் நல்லாண்டி. "ஆனால் அது இடிமுழக்கத்தின் வாலை விட மோசம். ஒரு நாளும் ஆடாமல் நின்றதில்லை."

அரசர் சிரித்த சிரிப்பில் இடிமுழக்கம் பயந்து சிம்மாசனத்துக்கு அடியில் புகுந்துகொண்டது. அன்று நல்லாண்டி முழு உடம்போடு தராசில் ஏறினான். எதிர்த்தட்டில் கறிச்சோறு அண்டா அண்டாவாக ஏறியது. வரிசையில் முதலில் நின்றது கருவாயன்.