வீட்டுக்குத் தெற்கே எத்தனை அடி

அந்தக் காலத்தில், வாயுள்ளதெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது, நண்டுகளும் நம்மைப் போல நேராகத்தான் நடந்தன. எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தன. அவற்றுக்கு எண்ணவும் தெரியும். தெரியாமல் இருந்தால் பிழைக்க முடியாது.

கீழ்க்கடற்கரையின் ஈர மணலில் வடக்கும் தெற்குமாக ஆயிரம் குழிகள் வரிசையாக இருந்தன. எல்லாம் ஒரே மாதிரி வட்டம், உள்ளே ஒரே மாதிரி இருட்டு. அலை ஒதுக்கும் பாசியைத் தின்றுகொண்டே தலை குனிந்து போகிற நண்டுக்கு, தான் தாண்டுவது தன் வாசலா அடுத்தவர் வாசலா என்று தெரியாது. தப்பான வீட்டில் நுழைந்தால் உள்ளே இருப்பவர் கொடுக்கால் வெட்டிவிடுவார். அதனால் கிளம்பும்போதே அடியை எண்ணிக்கொண்டு போவார்கள். வடக்கே எட்டு அடி போனால், திரும்பி எட்டு அடி வந்தால் வீடு. மேலே பருந்து சுற்றும்போது இந்த எண்ணிக்கைதான் உயிர்.

அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. அது யாருக்கும் தெரியவில்லை. கண்டுபிடித்தவர்கள் யாரும் திரும்பி வந்து சொல்லவில்லை.

செங்காலி என்ற நண்டின் புருஷன் அப்படித்தான் போனான். வடக்கே எட்டு அடி போனான். அங்கே பாசி தீர்ந்ததும் தெற்கே முகத்தைத் திருப்பிப் பதினோரு அடி நடந்தான். அப்போது பருந்தின் நிழல் விழுந்தது. எட்டும் பதினொன்றும் பத்தொன்பது என்று கூட்டி, வடக்கே திரும்பிப் பத்தொன்பது அடி ஓடினான். வீடு மூன்றாவது அடியில் இருந்தது. அவன் அதைத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தான்.

பக்கத்துக் குழியில் பெருங்கொடுக்கன் என்று ஒரு பெரிய நண்டு இருந்தார். செத்தவனுக்கு அண்ணன் முறை. துக்கம் கேட்க வந்தவர், வாசலில் நின்றபடியே சொன்னார்:

"எண்ணத் தெரியாதவனுக்கு அவ்வளவு தூரம் எதுக்கு? நானும்தான் இத்தனை வருஷமா நடக்கேன். ஒருநாள் வீடு தப்பினதுண்டா?"

அவர் எந்நாளும் வடக்கே மட்டும் போய் வருகிறவர். ஒரே பக்கம் போகிறவருக்குக் கணக்கு எப்படித் தப்பும்? ஆனால் அதை எடுத்துச் சொல்ல அன்றைக்கு யாரும் இல்லை. செங்காலி பதில் பேசவில்லை. அதன் பிறகு அவரோடும் பேசவில்லை. அவள் செய்தது சரி என்றுதான் நான் சொல்வேன். சில பேச்சுக்குப் பதில் சொல்லித் தீர்த்துவிடுவதைவிட, தீர்க்காமல் வைத்திருப்பது நல்லது.

அன்று அலை ஏறுவதற்கு முன்பே அவள் புருஷனின் காலடித் தடத்தை ஒட்டி நடந்து பார்த்தாள். போன தடம் இருந்தது. திரும்பிய தடம் இருந்தது. ஓடிய தடம் தன் வாசலைத் தாண்டிப் போவதும் தெரிந்தது. மூன்றாவது அடியில் வெகுநேரம் நின்றாள். புருஷன் எண்ணியதில் ஒன்றுகூடத் தப்பில்லை. எந்தப் பக்கம் என்பதை மட்டும் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

அவளுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் பவளி, இளையவள் குருணி. அடுத்த வளர்பிறை முடிவதற்குள் இருவரும் முதல் தடவையாகத் தனியே இரைக்குப் போயாக வேண்டும். ஓடு கெட்டிப்பட்ட பிள்ளையைத் தாய் கூட்டிக்கொண்டு திரிவது நண்டுகளிடம் வழக்கமில்லை. போகிற இரண்டும் வீடு திரும்ப வேண்டுமே என்ற ஒரே கவலை செங்காலிக்கு.

முதலில் சொல்லிப் பார்த்தாள்.

"வீட்டுல இருந்தா ஒண்ணுமில்ல. வடக்கே ஒரு அடி போனா, கூட ஒண்ணு. தெற்கே ஒரு அடி போனா, குறைய ஒண்ணு."

"ஒண்ணுமே இல்லாததுல என்னத்தம்மா குறையும்?" என்றாள் பவளி.

"வீட்டுக்குத் தெற்கே மணல் இல்லையாட்டி?"

"இருக்கு."

"அப்போ எண்ணும் இருக்கு."

"யம்மா, குறைய ஒண்ணுன்னா ஒரு கால் குறைஞ்சிருமா?" என்று கேட்டாள் குருணி.

"உனக்கு வாய்தான் குறையணும்."

சொல்லித் தலையில் ஏறவில்லை. தலையாட்டிவிட்டு மறுபடியும் எட்டும் பதினொன்றும் பத்தொன்பது என்றுதான் சொன்னார்கள். அதனால் மறுநாள் அலை இறங்கியதும் செங்காலி ஈர மணலில் ஒரு நீளக் கோடு இழுத்தாள். நடுவே வீட்டுக்காக ஒரு சின்னக் குழி. வடக்கே பத்துக் கீறல், தெற்கே பத்துக் கீறல். ஆறு குட்டிச் சோழிகளும் ஒரு சிப்பி ஓடும் பொறுக்கி வந்தாள். சோழி எத்தனை வாய் மேலாக விழுகிறதோ அத்தனை அடி. சிப்பி பள்ளம் மேலாக விழுந்தால் வடக்கு, முதுகு மேலாக விழுந்தால் தெற்கு. ஆளுக்கு ஒரு மணலுருண்டை உருட்டி, முன்பக்கம் கிள்ளி மூக்கு வைத்தாள். அதுதான் காய். ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும், வீட்டிலிருந்து எந்தப் பக்கம் எத்தனை அடியில் நிற்கிறாய் என்று கீறலைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் எதிரே இருப்பவள் பருந்தாகி உருண்டையை நசுக்கிவிடுவாள்.

பவளி வீசினாள். வடக்கே நாலு. காயை நகர்த்தி, "கூட நாலு" என்றாள். அடுத்த வீச்சு தெற்கே ஆறு. காயின் மூக்கைத் தெற்கே திருப்பி ஆறு கீறல் நடத்தினாள்.

"பத்து."

குருணி கொடுக்கை ஓங்கி ஒரே அடி. உருண்டை மணலோடு மணலாகிவிட்டது. "பருந்து சாப்பிட்டாச்சு. ருசியே இல்ல."

"எப்படிடீ தப்பு? நான் முன்னால முன்னாலதானே போனேன்?"

அன்று பன்னிரண்டு உருண்டை நசுங்கியது. ஏழு பவளியுடையது, ஐந்து குருணியுடையது. வெறும் மணல்தான், இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் செங்காலிக்கு உள்ளே ஏதோ நொறுங்கியது. ஆனால் பவளி சொன்னதை அவள் விடவில்லை. முன்னால முன்னாலதானே போனேன். காயைத் திருப்பினால் எந்தப் பக்கமும் முன்பக்கம் ஆகிவிடுகிறது. முன்பக்கம் போனால் எல்லாம் கூட்டல்தான்.

அடுத்த நாள் கோட்டின் இரு பக்கமும் மணலை வரப்பு மாதிரி உயர்த்தினாள். காயின் மூக்கைக் கடலைப் பார்க்க வைத்து, இரண்டு வரப்புக்கும் நடுவே அழுத்தினாள். "இனிமே யாரும் காயைத் திருப்பக் கூடாது. போறது எந்தப் பக்கமா இருந்தாலும் முகம் கடலுக்கு."

"அப்படி யாராவது நடப்பாங்களாம்மா?"

"நடப்பாங்க. பாரு."

செங்காலி எழுந்து, முகத்தைக் கடலுக்கு வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் ஒரு அடி எடுத்து வைத்தாள். அதுவரை எந்த நண்டும் செய்யாத காரியம். எட்டுக் காலும் ஒன்றோடொன்று மாட்டிக் குப்புற விழுந்தாள். எழுந்து மறுபடி வைத்தாள். மறுபடி விழுந்தாள். வாசலுக்கு வாசல் தலைகள் எட்டிப் பார்த்தன. பெருங்கொடுக்கன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"புருஷன் போன துக்கத்துல நடையே மறந்துட்டா, பாவம்."

சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று செங்காலி பார்த்து வைத்துக்கொண்டாள். பிறகு நடந்தாள். சாயங்காலத்துக்குள் வடக்கே பத்து, தெற்கே பத்து, விழாமல் நடந்தாள். பிள்ளைகளும் பின்னாலேயே நடந்தார்கள். முகம் அசையாமல் நின்றதும் பக்கம் இரண்டும் அதது இடத்தில் நின்றுவிட்டன. அன்றைக்கு நசுங்கியது மூன்றே உருண்டை. மறுநாள் ஒன்று. அதுவும் குருணி சண்டையில் வேண்டுமென்றே நசுக்கியது.

தனியே போகிற நாள் வந்தது. குருணி தெற்கே இரண்டு அடி போய், இரண்டு வாய் தின்று, "குறைய ரெண்டு, கூட ரெண்டு, ஒண்ணுமில்ல" என்று முனகிக்கொண்டே வீட்டில் விழுந்தாள். பவளிக்குப் பசி அதிகம். வடக்கே ஆறு போனாள். தெற்கே ஒன்பது. மறுபடி வடக்கே இரண்டு. தெற்கே நாலு.

அப்போது நிழல் விழுந்தது.

செங்காலி வாசலில் பாதி உடம்போடு நின்றாள். கூப்பிட்டால் அலையில் கேட்காது. கேட்டாலும் ஆயிரம் வாசலில் எது என்று தெரியாது. வெளியே போனால் பருந்துக்கு இரண்டாகக் கிடைக்கும். அவளால் முடிந்தது பார்ப்பது ஒன்றுதான்.

பவளி ஓடவில்லை. நின்றாள். அப்படி நின்றதுதான் தாயை உயிரோடு கொன்றது. பவளியின் வாய் மட்டும் அசைந்தது. கூட ஆறு. குறைய மூணு. குறைய ஒண்ணு. குறைய அஞ்சு. பிறகு, முகம் கடலைப் பார்க்க, கண் இரண்டும் மேலே நிழலைப் பார்க்க, வடக்கே பக்கவாட்டில் காலை எடுத்து வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று.

மூன்றாவது அடியில் பெருங்கொடுக்கன் மேல் முட்டினாள். அன்றைக்கு வடக்கே பாசி இல்லாததால் அவரும் முதல் தடவையாக இரண்டு பக்கமும் நடந்திருந்தார். வடக்கே நாலு, தெற்கே ஏழு. மொத்தம் பதினொன்று என்று எண்ணி, வடக்கே திரும்பி ஓடக் காலைத் தூக்கியிருந்தார்.

"பெரியப்பா, திரும்பாதீங்க. முகம் கடலுக்கு. ரெண்டே அடி, என்கூட வாங்க."

"எனக்குப் பதினொண்ணு..."

"ரெண்டு."

நிழல் பெரிதாகிக்கொண்டே வந்தது. அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சின்னப் பெண் சொன்னதைக் கேட்டார். பக்கவாட்டில் ஒரு அடி, தடுமாறி இன்னொரு அடி. இருவரும் ஒன்றாகக் குழிக்குள் சரிந்தார்கள். பருந்தின் நகம் வாசல் மணலை ஒரு பிடி அள்ளிக்கொண்டு மேலே போயிற்று.

உள்ளே இடமே இல்லை. நாலு பேர், முப்பத்திரண்டு கால், எட்டுக் கொடுக்கு.

"பெரியப்பா, கொடுக்கை மடக்குங்க. கண்ணுல குத்துது," என்றாள் குருணி.

"இது யாரு வீடு?" என்று இருட்டில் கேட்டார் பெருங்கொடுக்கன்.

"உங்க வீட்டுக்கு அடுத்த வீடு," என்றாள் செங்காலி.

நாற்பது நாளுக்குப் பிறகு அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. வெட்ட வேண்டிய கொடுக்கை அவள் வெட்டாமல் வைத்திருந்தாள். அதற்குக் காரணம் அவர் இல்லை. அவள் பவளியின் ஓட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். முதுகு, ஒவ்வொரு கால், மறுபடி முதுகு. எல்லாம் இருந்தது. நாற்பது நாளாக இறுகிப்போயிருந்த மூச்சு நுரை நுரையாக வெளியே வந்தது. குருணி அந்த நுரையைப் பார்த்துச் சிரித்தாள். பவளியும் சிரித்தாள். கடைசியில் செங்காலியும்.

கொடுக்கை மடக்கிக்கொண்டே பெருங்கொடுக்கன் சொன்னார்: "நான் சரியாத்தான் எண்ணினேன்."

"அவரும் சரியாத்தான் எண்ணினார்," என்றாள் செங்காலி.

வெளியே அலை வந்து போயிற்று. இன்னொன்றும் வந்து போயிற்று.

"ஆமா," என்றார் அவர்.

அவ்வளவுதான் சொன்னார். கேலி பேசியதற்காக ஒரு வார்த்தை வரவில்லை. ஆனால் அடுத்த தடவை அலை இறங்கியதும், தானே ஒரு மணலுருண்டை உருட்டி மூக்கு வைத்து எடுத்துக்கொண்டு கோட்டருகே வந்து நின்றார். செங்காலி மன்னித்தாளா என்று என்னைக் கேட்காதீர்கள். ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டாள். பருந்தாக இருக்கும் வேலையைக் குருணிக்குக் கொடுத்தாள். அவள் ஒரே வேளையில் அவருடைய ஆறு உருண்டைகளை நசுக்கினாள். ஒவ்வொன்றுக்கும், "எந்தப் பக்கம் பெரியப்பா? பக்கம் சொல்லலியே" என்று கேட்டுக் கேட்டு நசுக்கினாள். அன்று சிரித்தவர்களும் ஒவ்வொருவராக உருண்டையோடு வந்தார்கள். செங்காலி எல்லாருக்கும் கோட்டில் இடம் விட்டாள். அந்த வளர்பிறை முடியும்வரை கரையிலிருந்து ஒரு நண்டும் குறையவில்லை.

அன்றைக்குப் பிறகுதான் நண்டுகள் முகத்தைத் திருப்பாமல் பக்கவாட்டில் நடக்கத் தொடங்கின. நாளாக ஆகக் கால்களும் அதற்குத் தக்கபடி வளைந்துகொண்டன. அவற்றின் குழி வாசலில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சின்னச் சின்ன மணலுருண்டைகள் கிடப்பதும் அன்றையிலிருந்துதான். நம் காலடி கேட்டால் கரை நண்டு உடனே ஓடுவதில்லை, பார்த்திருப்பீர்கள். ஒரு கணம் அசையாமல் நிற்கும். பிறகு ஆயிரம் வாசலில் தன் வாசலுக்குள் தப்பாமல் போய் மறைந்துவிடும். அந்த ஒரு கணம், கூடவும் குறையவும் போட்டுப் பார்த்து வீடு எங்கே என்று முடிவு செய்கிற நேரம்.