மாசிலாமணியின் கான்டெஸா

அம்பாசமுத்திரத்தைத் தாண்டி, மலையடிவாரத்தில் ஞானாம்பிகை அம்மாளின் ஆசிரமம் இருந்தது. ஆசிரமம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு ஓட்டு வீடுகள், ஒரு கிணறு, கொஞ்சம் வாழை. அம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அவரிடம் வருகிறவர்களில் பலர் அவரைவிட மூத்தவர்கள்.

மாசிலாமணியும் அப்படித்தான். பாளையங்கோட்டையில் கல்லூரிப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி செண்பகம் இறந்துபோன பிறகு எதிலும் ஒட்டாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் பையோடு வந்து நின்றார்.

"எல்லாத்தையும் விட்டுட்டேன் அம்மா. வீட்டை மகன் பேருக்கு எழுதிட்டேன். புத்தகமெல்லாம் நூலகத்துக்குக் கொடுத்தாச்சு. என்னை இங்கேயே சேத்துக்கிடுங்க."

"எதுவும் பாக்கி இல்லையா?"

"ஒரு பழைய கார் நிக்குது. கான்டெஸா. செண்பகம் போனதுல இருந்து எடுக்கவே இல்லை. இரும்புக்கடைக்காரர் தூக்கிட்டுப் போறேங்கிறார். மெக்கானிக் சரிபண்ணலாம்கிறார். எனக்கு எதுன்னாலும் ஒண்ணுதான். விக்கவா, சரிபண்ணவா? நீங்க சொல்றபடி செய்யறேன்."



"ஓட்டிக்கிட்டு வாங்க. அப்புறம் பேசுவோம்."

"அது ஓடாதும்மா."

"ஓடும்போது வாங்க."

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. துறவு கேட்டு வந்தவனை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புகிறாரே என்று பஸ்ஸில் போகும் வழியெல்லாம் மனசுக்குள் முணுமுணுத்தார். ஆனால் சொல்கிறபடி செய்கிறேன் என்று வாயால் சொல்லியாகிவிட்டது.

மறுநாள் மெக்கானிக் ஆபிரகாம் வந்து தார்ப்பாயை விலக்கினார். டயர் நாலும் தரையோடு ஒட்டியிருந்தன. பானட்டைத் தூக்கினால் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. ஒயரெல்லாம் கடித்துப் போட்டிருந்தது.

"என்ன ஆபிரகாம், தேறுமா?"

"தேத்திரலாம் சார். ஆனா பார்ட்ஸ் தேடணும். நீங்களும் கூட அலையணும் பாத்துக்கிடுங்க."

அலைந்தார். மதுரையில் ஒரு சந்து, கோயமுத்தூரில் ஒரு குடோன் என்று தேடிப் போனார். முதலில் கடமைக்குத்தான் போனார். இரண்டாவது முறை, கடைக்காரர் எடுத்து வைத்த கார்புரேட்டரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு சின்னப் பொருளுக்குள் இத்தனை துளைகளா, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலையா என்று வியப்பாக இருந்தது. இருபது வருஷம் ஓட்டியிருக்கிறோம், ஒரு நாளாவது பானட்டைத் தூக்கிப் பார்த்தோமா என்று நினைத்துக்கொண்டார்.

அதன் பிறகு ஆபிரகாம் வருவதற்கு முன்பே சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தயாராக நின்றார். நட்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினார். துருவைத் தேய்த்தார். விரல் இடுக்கில் கறுப்பு ஏறி, சோப்புக்குப் போகாமல் நின்றது.

உள் சீட்டைத் துடைக்கிற அன்றைக்குத்தான் சிரமமாகிவிட்டது. இடது பக்க முன்கதவைத் திறந்தவர் துணியோடு அப்படியே நின்றார். செண்பகம் அந்த சீட்டில் உட்கார்ந்தால் வழியில் வருகிற கடைப் பெயர்ப் பலகை ஒன்றைக்கூட விடமாட்டாள். சத்தமாகப் படித்துக்கொண்டே வருவாள். 'கொஞ்சம் சும்மா வாயேன்' என்று இவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

ஆபிரகாம் டீ வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினார்.

மழைக்காலம் போய் வெயில் தொடங்கியபோது ஒரு காலையில் இன்ஜின் பிடித்தது. முதலில் இருமியது, புகை கக்கியது, பிறகு சீராக நின்று ஓடியது. மாசிலாமணி பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். வெதுவெதுப்பாக அதிர்ந்துகொண்டிருந்தது. கையை எடுக்க மனம் வரவில்லை.

தனியாக முதல் தடவை ஓட்டிப் போனார். மார்க்கெட்டைத் தாண்டும்போது யாரோ பேசுவது போலிருந்தது. அவரேதான். முருகன் ஸ்டோர்ஸ், லெட்சுமி நகை மாளிகை, பாய் பிரியாணி என்று வாய் தானாகப் படித்துக்கொண்டிருந்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு அழுதார். அழுது முடித்ததும், என்றைக்கும் இல்லாத பசி எடுத்தது.

உடனே அவர் ஆசிரமத்துக்குப் போகவில்லை. தினமும் விடிந்ததும் வண்டியைக் கழுவினார். மாலையில் ஆற்றுப் பாலம் வரை போய் வந்தார். சிக்னலில் ஆட்கள் திரும்பிப் பார்த்தால் உள்ளூர ஒரு சந்தோஷம். கடைசியில் மனசாட்சி உறுத்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்துக்கு ஓட்டிப் போனார்.

ஞானாம்பிகை அம்மாள் வாழைத்தோட்டத்திலிருந்து கை கழுவிக்கொண்டு வந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"என்ன அழகா இருக்கு ஐயா. இதையா இரும்புக்குப் போட இருந்தீங்க?"

"ஏறுங்கம்மா, அணை வரைக்கும் போயிட்டு வரலாம்."

அம்மாள் பின்சீட்டில் ஏறிக் கண்ணாடியை இறக்கிவிட்டார். அணை வரை காற்று முகத்தில் அடித்தது. "நல்லா ஓட்டுறீங்க" என்றார். இன்ஜின் சத்தத்தைக் கண்மூடிக் கேட்டார். எந்தப் பகுதி எங்கே கிடைத்தது என்று மாசிலாமணி சொல்லச் சொல்ல, விடாமல் விசாரித்தார்.

திரும்பி வந்து இறங்கும்போது கேட்டார். "இதை யாருக்குக் கொடுக்கப் போறீங்க?"

மாசிலாமணி சாவியை உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டார்.

"ஆசிரம வேலைக்கே வச்சுக்கலாமேன்னு..."

"இங்கே எங்களுக்கு எங்கே ஐயா போற வேலை?"

மாசிலாமணி அங்கேயே சில நாள் தங்கினார். சாப்பாடு இறங்கவில்லை. தியானத்துக்கு உட்கார்ந்தால் சாவிதான் கண்ணுக்குள் வந்தது. போ என்றும் யாரும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. ஒரு காலையில் குளித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் பஸ்ஸில் திரும்பி வந்தார். நிறுத்தத்திலிருந்து வெயிலில் நடந்து வந்ததில் சட்டை நனைந்திருந்தது. கண்கள் சிவந்திருந்தன. அம்மாள் கிணற்றடியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மாசிலாமணி எதிரே உட்கார்ந்தார்.

"கொடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"ஆபிரகாமுக்கு. கல்யாணத்துக்கு வாடகைக்கு விடப் போறாராம். அவர் சம்சாரம் ஏறி முன் சீட்ல உக்காந்தாங்க. என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியலை. வந்துட்டேன்."

அம்மாள் கீரைக் காம்பு ஒன்றை ஒடித்துப் போட்டார். மாசிலாமணிக்குள் அடக்கி வைத்திருந்தது பொங்கி வந்தது.

"ஒண்ணு கேக்கணும் அம்மா. முதல்ல வந்த அன்னைக்கே இரும்புக்கடையில போடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? ஒரு துளி வருத்தம் இல்லாம போட்டிருப்பேன். அன்னைக்கே எல்லாத்தையும் விட்டுட்டு வந்திருப்பேனே."

அம்மாள் முறத்திலிருந்த கீரையில் பாதியை அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

"அன்னைக்கு விடுறதுக்கு உங்ககிட்ட என்ன இருந்துச்சு ஐயா?"